போர் ஆழத்தை அளக்கக் கேட்ட மனு

1. குப்பை வண்டி எந்தக் கிழமை?

"ஆர்டிஐ ஒண்ணு வந்து கெடக்குதுங்க மேடம்" என்றார் தலைமை எழுத்தர் அர்த்தநாரி. குளியலறைக்குள் பாம்பு புகுந்துவிட்டதைச் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலராக நான் பொறுப்பேற்ற முதல் நாள் அது. சால்வை போர்த்தி முடிந்து, காபி டம்ளர் இன்னும் மேசையை விட்டுப் போகவில்லை. பேரூராட்சியில் செயல் அலுவலர்தான் பொதுத் தகவல் அலுவலரும். தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி யார் மனுப் போட்டாலும் முப்பது நாளைக்குள் பதில் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. கொடுக்காமல் விட்டால் அபராதம் அவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். அர்த்தநாரியின் குரலுக்கு அதுதான் காரணம்.

மனுவை வாங்கிப் பார்த்தேன். பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, முத்து முத்தான கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வி. 'எங்கள் வீதிக்குக் குப்பை வண்டி எந்தெந்தக் கிழமைகளில் வர வேண்டும்?'

"இதுக்கு ஏன் இன்னும் பதில் போகல?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரியலீங்களே மேடம். பின்னாடி யாராச்சும் இருந்து தூண்டி விடுவாங்க. நாம ஒண்ணு எழுதி, அதைக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா?"

"எதுக்குன்னு நாம கேக்கவே கூடாது சார். சட்டமே அப்படித்தான். வண்டி எந்தக் கிழமை போகுது?"

"திங்களும் வியாழனும்."

"அதை எழுதிக் கொண்டாங்க."

எழுதிக் கொண்டுவந்தார். ஒரு வரி. கையெழுத்துப் போட்டேன். அவர் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானுங்களா?" என்றார். மனு போட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. பதில் கிடைத்ததும் அலுவலகத்துக்கே போன் செய்து நன்றி சொன்னார். குப்பையை என்றைக்கு வெளியே வைப்பது என்று ஆளுக்கு ஒரு பதில் சொன்னதால், வேறு வழியில்லாமல் சட்டத்தைப் பிடித்தாராம்.

அந்த அலுவலகத்தில் நான் இருந்த காலம் முழுவதும் இப்படித்தான் பல மனுக்கள். ஒருவர் தன் வீதிக் கவுன்சிலர் நல்லவரா என்று கேட்டிருந்தார். சட்டப்படி பதிவில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும், அபிப்பிராயம் கொடுக்க முடியாது என்று எழுதினேன். இன்னொருவர், பேரூராட்சி தொடங்கிய நாள் முதலான எல்லாக் கோப்புகளின் நகலும் வேண்டும் என்றார். நேரில் வந்து பார்த்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று பதில் அனுப்பினேன். வந்தார். பதிவறைக் கதவைத் திறந்து காட்டியதும் வாசலிலேயே நின்று மூன்று முறை தும்மினார். பிறகு தன் வீட்டு வரைபட அனுமதி நகல் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார். போகும்போது, "ஏனுங் மேடம், இதுக்குள்ள உக்காந்து எப்படிங்க வேலை செய்யறீங்க?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

புதிதாகப் பணிக்கு வரும் இளையவர்கள் படிக்கட்டும் என்று நான் எழுத நினைத்தது இவற்றையெல்லாம் அல்ல. தங்கமணியின் மனுவைத்தான்.

2. ஓட்டைக்குள்ள எவ்வளவு இருக்குது?

எங்கள் பேரூராட்சியின் கிழக்குக் கடைசியில் கிழக்கு வளவு என்று ஒரு பகுதி. பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ரிக் வண்டியில் வேலை பார்ப்பார். போர் போடும் லாரியைத்தான் ரிக் என்கிறார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் மாதக் கணக்கில் ஊர் திரும்ப மாட்டார்கள். தங்கமணி அந்த வளவில் டிபன் கடை வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் ரிக்கில் டிரில்லர், எப்போதும் வெளியூர். கடையில் இட்லி, தோசை, ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு. மாவாட்டவும் பாத்திரம் கழுவவும் தண்ணீர் வேண்டும்.

காவிரிக் குடிநீர் குழாயில் அந்தப் பகுதிக்கு விட்டுவிட்டுத்தான் வரும். அது குடிக்கவே சரியாகிவிடும். மற்றதற்கெல்லாம் பேரூராட்சி போட்டுக் கொடுத்த ஆழ்துளைக் கிணறும் அதன் பக்கத்தில் இருக்கும் தொட்டியும்தான். நான் வருவதற்கு முந்தைய ஆண்டு போட்டது. மழைக்காலத்தில் நன்றாகத்தான் கொடுத்திருக்கிறது. வெயில் ஏறியதும் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. குடத்தை வைத்தவர்கள் பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தங்கமணி காலையில் கடை திறப்பதற்குப் பதிலாகக் குடத்தோடு அடுத்த வளவுக்கு நடந்துகொண்டிருந்தார்.

ரிக் ஆட்கள் நிறைந்த ஊரில் போர் வற்றினால் என்ன பேச்சு கிளம்பும்? 'எண்ணூறு அடின்னு பில் போட்டு நானூறுல வண்டியத் தூக்கிட்டான்' என்ற பேச்சுத்தான். போர் போட்ட ஒப்பந்ததாரர் சென்னியப்பன் அதே ஊர்க்காரர் என்பதால் பேச்சுக்கு ருசி கூடியது.

தங்கமணியின் மனுவில் இரண்டு கேள்விகள். கிழக்கு வளவுப் போரின் ஆழம் எவ்வளவு என்பது ஒன்று. அந்தப் போரைத் தன் கண் முன்னால் அளந்து காட்ட வேண்டும் என்பது இரண்டாவது.

முதலாவதற்கு அர்த்தநாரி அளவுப் புத்தகத்தின் பக்கத்தை நகலெடுத்து வைத்துவிட்டார். எண்ணூறு அடி என்று இருந்தது. இரண்டாவதற்கு, 'இக்கோரிக்கை தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று வரைவு எழுதியிருந்தார். எனக்கும் படித்தவுடன் சரி என்றுதான் பட்டது. போரை அளந்து காட்டுவது எப்படித் தகவலாகும்? ஆனாலும் ஒருமுறை சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று எடுத்து வைத்தேன்.

அதற்குள் தங்கமணியே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். சேலையை இழுத்துச் செருகியிருந்த விதத்திலேயே கடையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"உக்காருங்கம்மா. ஆழம் எண்ணூறுன்னு பதிவுல இருக்கு. நகல் தர்றோம்" என்றேன்.

"எழுத்துல எவ்வளவு இருக்குதுன்னு வளவுக்கே தெரியுமுங் மேடம். ஓட்டைக்குள்ள எவ்வளவு இருக்குதுன்னுதானுங்க நான் கேக்கறேன்."

அர்த்தநாரி குறுக்கிட்டார். "ஏனக்கா, போருக்குள்ள எட்டிப் பாக்கறதெல்லாம் ஆர்டிஐல வருமா?"

"வருமுங்க. வேலையவும் நேர்ல பாத்துக்கலாம்னு செல்போன் வீடியோவுல ஒரு வக்கீல் பேசுனாருங்க. நான் ரெண்டு தரம் போட்டுக் கேட்டேன். அந்த வக்கீல் தப்பாச் சொல்லியிருந்தா நீங்க சொல்லுங்க, நான் போயிடறேன்."

அவர் முன்னாலேயே புத்தகத்தைத் திறந்தேன். தகவல் உரிமை என்றால் என்ன என்று சொல்லும் இடம். ஆவணங்களை ஆய்வு செய்வது, குறிப்பெடுப்பது, சான்றிட்ட நகல் பெறுவது எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். அவற்றுக்கும் முன்னால், வரியின் தொடக்கத்திலேயே 'பணிகள்' என்ற சொல் இருந்தது. நடந்த பணியை நேரில் ஆய்வு செய்யலாம். பொருள்களின் மாதிரியைக்கூடக் கேட்டு வாங்கலாம். பயிற்சி வகுப்பில் நானும் அதைக் கடந்துதான் வந்திருக்கிறேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை, அதனால் மனதில் நிற்கவில்லை.

"வக்கீல் சரியாத்தான் சொல்லியிருக்காரும்மா" என்றேன்.

தங்கமணி அர்த்தநாரியைப் பார்த்துச் சிரித்தார். அர்த்தநாரி தன் வரைவை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

3. பந்தியில் கேட்ட கேள்வி

செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் சென்னியப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மேடம், நான் ராஜஸ்தான் மணல்லயும் போர் போட்டவனுங்க. சத்தீஸ்கர் காட்டுலயும் போட்டவனுங்க. பாசை தெரியாத ஊர்ல ஒருத்தன் என்னைய ஒரு ராடு ஆழம் கம்மின்னு சொன்னதில்லீங்க. பொறந்த ஊர்ல இன்னைக்கு அளந்து பாக்கறேங்கறாங்க."

"நீங்க சரியாப் போட்டிருந்தா அளக்கறது உங்களுக்கு நல்லதுதானேங்க?"

"அளக்கறதே கேவலமுங்க. அளவு சரியா வந்தாலும், 'அவன் போரை அளந்தாங்கப்பா'ங்கற பேச்சு காலத்துக்கும் நிக்கும். உங்களுக்குத் தெரியாதுங்க. போன மாசம் சம்பந்தி ஊட்டு விசேசத்துக்குப் போயிருந்தேன். பந்தியில நின்னு பரிமாறிட்டு இருக்கேன். ஒரு பையன் கேக்கறான், 'மாமா, இலைக்கு முழுசா வெக்கிறீங்களா, பாதியோட நிறுத்திக்குவீங்களா'ன்னு. பந்தியே சிரிக்குது. என்ற மவ அங்கதான் நிக்கிறா."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டு, "அந்த மனுவத் தள்ளி விட்டுருங் மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மதியம் பேரூராட்சித் தலைவர் போன் செய்தார். பொதுவாக நல்ல மனிதர். தேர்தலில் நின்று ஜெயித்தவருக்குரிய கவலைகள் எல்லாம் உண்டு.

"மேடம், நானும் விசாரிச்சேன். இன்னைக்கு போரை அளக்கச் சொல்லுவாங்க. நாளைக்கு ரோட்டைப் பேத்துக் காட்டச் சொல்லுவாங்க. பழக்கி விட்டுட்டா அப்புறமேட்டுக்கு நிறுத்த முடியாதுங்க. ஆவணம் மட்டும் குடுத்து முடிச்சுருங்க. அப்பீல் போனாப் போகட்டும், பாத்துக்கலாம்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தலைவரோடு முரண்பட்டுக்கொண்டு ஒரு செயல் அலுவலர் அந்த ஊரில் நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. சென்னியப்பன் சொன்னதும் மனதை அரித்தது. அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. ஒருவேளை பொய்யாக இருந்தால் ஊர் முன்னால் மானம் போகும். உண்மையாக இருந்தாலும் மானம் போகும் என்று அவரே சொல்லிவிட்டுப் போகிறார்.

எனக்குச் சொந்த ஊர் சேலம் டவுன். எங்கள் அத்தா, அதாவது அப்பா, கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். குடம் வாங்க வருகிறவர்கள் ஒழுகுமோ என்று சந்தேகப்படுவார்கள். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அதில் கோபம் வரும். அத்தா கடை வாசலில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். "ஊத்திப் பாத்துட்டு வாங்குங்கம்மா" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். ஊற்றிப் பார்த்து வாங்கியவர்கள் அடுத்த தடவை ஊற்றிப் பார்க்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த அண்டா ஞாபகம் வந்தது. சென்னியப்பன் பயப்படுவது அளவுக்கு அல்ல, சந்தேகத்துக்கு என்று தோன்றியது. அந்தச் சந்தேகம் மனுவைத் தள்ளிவிட்டால் போகாது. இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

அளக்க வேண்டுமென்றால் முதலில் உள்ளே இருக்கும் மோட்டாரை மேலே தூக்க வேண்டும். வெறுமனே அளப்பதற்காகத் தூக்கினால் வீண் வேலை என்று கேள்வி வரும். மறுநாள் எங்கள் குழாய்ப் பணியாளர் முனியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த மோட்டாரை எப்படியும் எடுத்தாகோணுமுங்க" என்றார் அவர். "காத்தை இழுத்து இழுத்துச் சத்தமே மாறிப்போச்சு. இப்படியே ஓட்டினா காயில் போயிருமுங்க."

அது போதும். தலைவருக்குப் போன் செய்தேன். மோட்டாரைப் பழுது பார்க்க எடுக்கப் போகிறோம், அதே நேரத்தில் அளந்தும் காட்டிவிடலாம், தனியாக வேலை எதுவும் இல்லை என்றேன்.

"நீங்க முடிவு பண்ணிட்டீங்க, நான் என்னத்தைச் சொல்றது" என்றார். ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தங்கமணிக்கு நாள், நேரம் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினேன். சென்னியப்பனுக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். தாங்களும் உடனிருக்க வேண்டும் என்று கேட்டு எழுதினேன். வரமாட்டார் என்றார் அர்த்தநாரி.

4. கயிறு போய்க்கொண்டே இருந்தது

வந்தார். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து புங்க மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார்.

வளவே திரண்டிருந்தது. ஊரில் இருந்த ரிக் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒரு போரைச் சுற்றி இத்தனை டிரில்லர்களும் ஹெல்பர்களும் நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தூக்கும் வண்டியை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதற்கே நாலு அபிப்பிராயம். சோடா வண்டிக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டார்.

வண்டியின் சங்கிலி சுற்ற, பைப் ஒவ்வொன்றாக மேலே வந்தது. முனியப்பன் கழற்றிக் கழற்றித் தரையில் அடுக்கினார். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று முனியப்பன், "மோட்டார் வந்திருச்சுங்க" என்றார்.

எல்லோரும் திரும்பி, அடுக்கியிருந்த பைப்புகளைப் பார்த்தார்கள். முந்நூற்று அறுபது அடிக்குத்தான் இருந்தது.

"பாத்தீங்களா? மோட்டாரே இவ்வளவுதான் போயிருக்குது. போர் எங்கீங்க எண்ணூறு இருக்கப் போகுது?" என்று கூட்டத்தில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். இன்னொருவர், "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார். தங்கமணி என்னைப் பார்த்தார். நான் சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. பைக்கை விட்டு நகர்ந்து போருக்குப் பக்கத்தில் வந்தார்.

"கயித்த விடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கயிற்றில் பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி, முனையில் இரும்புக் குண்டு கோத்திருந்தோம். தன் கண் முன்னால் என்று மனுவில் கேட்ட தங்கமணி, தன் கையாலேயே விடுகிறேன் என்றார். கொடுத்தோம். அவர் ஒரு பக்கம் பிடிக்க, முனியப்பன் சுருளை அவிழ்த்து விட்டார். கூட்டம் துணியை எண்ண ஆரம்பித்தது. முதல் நூறு அடிக்குத் திருவிழாவில் ஏலம் போடுகிற உற்சாகம். முந்நூற்று அறுபது வந்தது. எல்லோரும் கயிறு தளரும் என்று பார்த்தார்கள். தளரவில்லை. நானூறு தாண்டியது. ஐந்நூறு தாண்டியது. எண்ணுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் கேலியாக எண்ணியவர்கள் இப்போது மெதுவாக, கவனமாக எண்ணினார்கள். அறுநூறில் ஒரு கிழவர், "அட, போகுதப்பா" என்றார். தங்கமணியின் சேலை முந்தானை வியர்வையில் நனைந்திருந்தது. கயிற்றை வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டினார்.

எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவாகக் கயிறு தளர்ந்தது. தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். குண்டு அடியில் மெத்தென்று தட்டியது.

"அடில சேறு தூந்திருக்குதுங்க. போட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சில்லீங்க. சரியான அளவுதான்" என்றார் கூட்டத்தில் இருந்த ஒரு பழைய டிரில்லர். அதற்கு மட்டும் யாரும் மறு அபிப்பிராயம் சொல்லவில்லை.

தங்கமணி கயிற்றை முனியப்பனிடம் கொடுத்துவிட்டுச் சென்னியப்பனுக்கு எதிரில் போய் நின்றார்.

"அண்ணா, உங்க மேல தப்பில்லீங்க. நானும் நாலு பேர்த்துகிட்ட உங்களப் பத்திப் பேசியிருக்கறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு சோடா வண்டிக்காரரைப் பார்த்து, "எல்லாத்துக்கும் ஒவ்வொண்ணு குடுப்பா" என்றார். அந்தச் சத்தத்தில்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

5. டேங்குக்கு அடியில்

போர் எண்ணூறு அடி இருக்கிறது, சரி. அப்படியானால் தண்ணீர் எங்கே?

பதில் கயிற்றிலேயே இருந்தது. மேலே இழுத்தபோது பாதிக்கு மேல் காய்ந்தே வந்தது. நானூற்று இருபதாவது அடிக்கு அப்புறம்தான் ஈரம். அங்கிருந்து கடைசி வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தண்ணீர் நிறைய இருக்கிறது. வெயிலுக்கு மட்டம் கீழே இறங்கிவிட்டது. மோட்டார் அதற்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் வந்த தண்ணீர் ராத்திரி சுற்றுப்பக்கத்துப் போர்களெல்லாம் ஓயும்போது ஊறி மேலே ஏறியதுதான்.

"மோட்டார் எறக்குனது யாருங்க?" என்று கேட்டார் தங்கமணி.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். "போர் போடறது மட்டுந்தானுங்க என்ற வேலை. மோட்டாரும் பைப்பும் உங்க ஆபீஸ்ல எறக்குனது."

நான் அர்த்தநாரியைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "மேடம், நம்ம ஆபீஸுக்குப் பின்னால, பெரிய டேங்குக்கு அடியில கொஞ்சம் பைப் கெடக்குதுங்களே..." என்று இழுத்தார்.

கூட்டம் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

பிறகு கோப்பைப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. மோட்டார் இறக்கிய சமயத்தில் ஊர்த் திருவிழா. அதற்குள் தண்ணீர் வேண்டும் என்று அவசரம். வாங்கிய பைப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்து சேர்ந்திருந்தது. இருந்ததை வைத்து இறக்கியிருக்கிறார்கள். மீதி வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பும் இருக்கிறது. மீதி வந்தபோது அப்போதைய பணியாளர்கள் மாறுதலில் போய்விட்டார்கள். தண்ணீரும் நன்றாக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் நினைவு வரவில்லை. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஒரு வளவு முழுக்கக் குடத்தோடு அலைந்தது மட்டும் மிச்சம்.

ஆய்வின் முடிவை எழுதித் தங்கமணிக்குக் கொடுக்க வேண்டும். தலைவர் என் அறைக்கே வந்துவிட்டார்.

"ஆழம் சரியா இருக்குதுன்னு மட்டும் எழுதினாப் போதாதுங்களா? அவிங்க கேட்டது அதுதானே. நம்ம தப்ப நாமளே எழுதி, முத்திரை வெச்சுக் குடுக்கறதுங்களா?"

"தலைவரே, வளவு மொத்தமும் பாத்திருச்சுங்க. எழுதாம விட்டா, பாத்தது ஒண்ணு, ஆபீஸ் சொல்றது ஒண்ணுன்னு ஆயிடும். நாமே எழுதி, சரி பண்ணியும் விட்டோம்னா பேச்சு அதோட முடிஞ்சிரும்."

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரி, அந்தச் சரி பண்ணியதையும் சேர்த்து எழுதுங்க. அது முக்கியம்" என்றார்.

அப்படியே எழுதினேன். போரின் ஆழம் சரி, ஒப்பந்ததாரர் பணியில் குறை இல்லை, மோட்டார் குறைந்த ஆழத்தில் பொருத்தப்பட்டது பேரூராட்சியின் தவறு, மீதிப் பைப் சேர்த்து அறுநூறு அடியில் மோட்டார் பொருத்தப்பட்டது என்று நான்கே விஷயங்கள். மேலதிகாரி விளக்கம் கேட்டார். கொடுத்தேன். இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளவும் என்ற ஒரு கடிதத்தோடு அது முடிந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

மோட்டாரைத் திரும்பப் போட்ட அன்று நானும் போயிருந்தேன். முனியப்பன் சுவிட்சைத் தட்டினார். குழாய் முதலில் இருமியது. அப்புறம் பாறைத்தூள் கலந்து பால் மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. எல்லோரும் குடத்தை வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள். தெளிந்த தண்ணீர் வந்ததும் முதல் குடத்தைத் தங்கமணி எடுத்துக்கொள்ளட்டும் என்று பெண்கள் வழிவிட்டார்கள். அவரோ இடுப்பில் வைத்த குடத்தோடு நேராகக் கடைக்கு நடந்தார். "மாவு ஊறிக் கெடக்குதுங்க, வாரேன்" என்று போகிற போக்கில் சொன்னார்.

6. சீல் வைத்த நகல்

அதற்கு அடுத்த வாரம் சென்னியப்பன் மறுபடி வந்தார். இந்த முறை சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"அந்த ரிப்போர்ட்டுல எனக்கொரு காப்பி வேணுமுங் மேடம். சீல் வெச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அர்த்தநாரி சொன்னார். "அதுக்கென்னங்க, ஒரு மனுப் போடுங்க. வில்லை ஒட்டோணும்."

சென்னியப்பன் அவரை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டு, வெளியே போய் வில்லை வாங்கிக்கொண்டு வந்து, அர்த்தநாரியின் மேசையிலேயே உட்கார்ந்து மனுவை எழுதினார். அர்த்தநாரி பக்கத்தில் நின்று எங்கே எதை எழுத வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கே நகல் கொடுத்துவிட்டோம். அதைப் பிரேம் போட்டு அவருடைய ஆபீஸில் மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போர் போட வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவாராம். சம்பந்தி வீட்டுக்கும் ஒரு நகல் போனதாக அர்த்தநாரி சொன்னார்.

அலுவலகத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். ஒவ்வொரு போருக்குப் பக்கத்திலும் அதன் ஆழம், மோட்டார் இருக்கும் ஆழம் இரண்டையும் தொட்டியிலேயே பெயிண்டில் எழுதி வைத்தோம். யாரும் கேட்காமலேயே இப்படி வெளியிட வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. எழுதிய பிறகு போர் பற்றி மனு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. எழுதியதில் ஒரு எண் தவறு என்று வளவுக்காரர் ஒருவர் வந்து திருத்திவிட்டுப் போனார். அதுவும் நல்லதுதான்.

நான் மாறுதலாகிப் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் தலைவர் என் அறைக்கு வந்தார். வழக்கமாகத் தலைவர் அறையிலிருந்து எனக்குத்தான் அழைப்பு வரும். வந்தவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு சொந்த விசயமுங்க. நம்ம வெள்ளாமைக் காட்டுக்கு அளவை போட்டு வரைபடம் குடுக்கோணும். ஒரு ஆபீஸ்ல இழுத்துட்டே கெடக்கறாங்க. நாளைக்கு வா, நாளான்னிக்கு வாங்கறாங்க. அந்த மனு எப்படிங்க எழுதறது?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். எதைக் கேட்க வேண்டும், எப்படிச் சுருக்கமாகக் கேட்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல எழுதினார். கடைசியில் பெயர் எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றது.

"பேரூராட்சித் தலைவர்னு போடலாமுங்களா? கொஞ்சம் வெயிட்டா இருக்குமில்ல?"

"வேண்டாங்க. பேரு, வீட்டு முகவரி போதும். இந்தச் சட்டத்துல தலைவருக்குத் தனி உரிமை கிடையாது. தங்கமணியம்மாவுக்கு என்ன உரிமையோ அதேதான் உங்களுக்கும்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் பெயரையும் அப்பா பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனுவுக்குச் சீக்கிரமே பதில் வந்ததாகவும், வரைபடமும் கூடவே வந்துவிட்டதாகவும் அப்புறம் இனிப்போடு வந்து சொன்னார்.

இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டதை அன்றைக்கு அவர் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். நம்முடைய அலுவலகத்தில் மட்டும்தான் நாம் அதிகாரி. மின்வாரியத்திலும் ஆஸ்பத்திரியிலும் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலும் நாமும் கையில் தாளை வைத்துக்கொண்டு நிற்கிற ஆள்தான். புதிதாகப் பணிக்கு வருகிறவர்களே, உங்கள் மேசைக்கு ஒரு மனு வரும்போது, நீங்கள் கடைசியாக எந்த ஜன்னலுக்கு வெளியே காத்து நின்றீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.